பள்ளி "இனி முடியாது" என்னும்போது: இங்கிலாந்துப் பெற்றோர் முன் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் 10,885 பிள்ளைகளை நிரந்தரமாக நீக்கின. சஸ்பென்ஷன் எனப்படும் தற்காலிக நீக்கம் ஒன்பதரை லட்சம் தடவைக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டில் நிரந்தர நீக்கம் 9,376. இரண்டு வகை நீக்கத்துக்குமே பள்ளிகள் எழுதும் முதல் காரணம் கத்தியும் கஞ்சாவும் அல்ல. வகுப்பைத் தொடர்ந்து குலைப்பது. அது ஒரே நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் சேர்வது. ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு யோசிக்க அவகாசம் இருந்திருக்கும். யோசிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தது என்பதுதான் தெரிந்திருக்காது.

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். ஊரில் டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. "பெயர் கெடாமல் வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம்" என்று துணைத் தலைமையாசிரியர் சொன்னதும் அது உதவியாகவே காதில் விழும். நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். சில சமயம் அது உதவிதான். சில சமயம் அந்தக் கையெழுத்தோடு பிள்ளைக்கு இருந்த எல்லாப் பாதுகாப்பும் போய்விடும்.

எந்த வழியை முன்வைத்தாலும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும்? மறு ஆய்வு நடக்கும் தேதி தாளில் எழுதப்பட்டிருக்கிறதா? சரிவராவிட்டால் எங்கே திரும்பி வருவது? இந்த மூன்றுக்கும் பதில் உள்ள வழியை முதலில் முயல வேண்டும். திரும்பி வர முடியாத வழி எதுவானாலும் கடைசிக்கு வைக்க வேண்டும்.

வழிகளுக்குப் போகுமுன் ஒரு வேலை. பள்ளியிடம் பிள்ளையின் நடத்தைப் பதிவை, அதாவது பிஹேவியர் லாகை, எழுத்தில் கேளுங்கள். கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், நடத்தும் பள்ளியானால் கல்விப் பதிவுகளை 15 பள்ளி நாட்களுக்குள் காட்ட வேண்டும். அகாடமியானால், அதாவது அரசு நிதியில் தன்னாட்சியாக நடக்கும் பள்ளியானால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், ஒரு மாதம் ஆகும். கையில் வந்ததும் குற்றங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கிழமை, பாடவேளை, பாடம், ஆசிரியர், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஐந்து பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்பதாம் ஆண்டுப் பையன் ஒருவனின் பதிவில் பாதிக்கு மேல் ஆங்கிலம், வரலாறு ஆகிய இரண்டு வகுப்புகளில் மட்டும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். அவன் நண்பனைச் சீண்டுகிறான், ஆசிரியர் வெளியே அனுப்புகிறார், வாசிப்பு அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. அவனுக்கு வேண்டியது கிடைத்தது. இங்கே தண்டனை கூடக் கூடக் குழப்பமும் கூடும், ஏனென்றால் தண்டனைதான் அவனுக்குப் பரிசு. அவனுக்கு வாசிப்புத் திறன் சோதனை வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் பேச்சு "இவன் நல்லவனா கெட்டவனா" என்பதிலேயே முடிந்துவிடும்.

அதே பள்ளியில், உதவியோடு

முதலில் கேட்க வேண்டியது இதுதான். பள்ளி "எல்லாம் செய்து பார்த்துவிட்டோம்" என்று சொல்லும். என்ன செய்தார்கள், எத்தனை வாரம், யார் பொறுப்பு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் டிடென்ஷன், தனியறை, மீண்டும் டிடென்ஷன்.

நன்றாகச் சோதிக்கப்பட்ட எளிய முறை ஒன்று உண்டு: தினசரி அட்டை. காலையில் பிள்ளை விரும்பும் ஒரு பணியாளரை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை, நூலகராகக்கூட இருக்கலாம். அட்டையில் மூன்று அல்லது நான்கு இலக்குகள். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஒவ்வொரு இலக்குக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி. மாலையில் அதே ஆளிடம் இன்னொரு ஐந்து நிமிடம், பிறகு வீட்டில் ஒரு கையெழுத்து. அன்றைய மொத்தத்தில் 80 சதவீதம் எட்டினால் வெற்றி. நாலைந்து வாரம் நிலையாக எட்டினால் அட்டையை மெல்லக் குறைத்து, பிள்ளை தானே தனக்குப் புள்ளி போடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இது எங்கே கெடுகிறது என்று பாருங்கள். "பேசாதே, எழுந்திருக்காதே, எதிர்த்துச் சொல்லாதே" என்று இலக்குகள் எல்லாமே தடையாக இருந்தால், எதைச் செய்தால் புள்ளி கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. "மணி அடித்த இரண்டு நிமிடத்துக்குள் புத்தகம் திறந்திருக்கும்" என்பது இலக்கு. முதல் வாரமே 100 சதவீதம் கேட்டால் செவ்வாய்க்கிழமையே அட்டை குப்பைத் தொட்டிக்குப் போகும். இப்போது 40 சதவீதம் வருகிறதென்றால் 55-இல் தொடங்க வேண்டும். மூன்றாவது கேடு வீட்டில் நடப்பது. பள்ளியில் புள்ளி குறைந்ததற்கு வீட்டிலும் திட்டோ அடியோ விழுந்தால், அடுத்த நாள் அட்டை பேருந்தில் "தொலைந்துவிடும்". அடி விழுந்தது என்று பிள்ளை பள்ளியில் சொன்னால் அவர்கள் அதைக் குழந்தைப் பாதுகாப்பு விஷயமாகவே எடுக்க வேண்டும். அதன்பின் பேச்சு நடத்தையைப் பற்றியதாக இருக்காது.

வெளி நிறுவனம் வந்து சில வாரம் வகுப்பெடுக்கும் திட்டங்களையும் பள்ளிகள் தருகின்றன. அவற்றில் பெரிதாக நம்பிக்கை வைக்க ஆய்வு இடம் கொடுக்கவில்லை. லண்டனில் 36 பள்ளிகளில், நீக்கப்படும் அபாயம் உள்ள 9, 10ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறைச் சோதனை நடத்தினார்கள். நீக்கம் குறையவில்லை. பயிற்சி நடந்த பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டதாகக் கூடுதலாகவே சொன்னார்கள். அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் 2018-இல் 37 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது முதல் ஆறு மாதத்தில் பலன் தெரிந்தது, அதன்பின் தேய்ந்தது. ஓரளவு கைகொடுத்தவை நான்கு: படிப்புத் திறனை உயர்த்துவது, கவுன்சலிங், ஒரே பெரியவர் தொடர்ந்து கண்காணித்து வழிகாட்டுவது, ஆசிரியர்களுக்கே பயிற்சி தருவது.

கடைசியாகச் சொன்னது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு, பிள்ளையின் கோணத்திலிருந்து நடத்தையைப் பார்க்கத் தூண்டும் குறுகிய இணையவழிப் பயிற்சி தரப்பட்டது. 2016-இல் வெளியான முடிவு: அந்த ஆண்டு சஸ்பென்ஷன் பெற்ற மாணவர்கள் மற்ற ஆசிரியர்களிடம் 9.6 சதவீதம், பயிற்சி பெற்றவர்களிடம் 4.8. ஒரே ஆய்வை வைத்து ஆட வேண்டாம். ஆனால் "பிள்ளையைத் திருத்துங்கள்" என்று மட்டும் சொல்லும் பள்ளியிடம், அந்த இரண்டு வகுப்புகளில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று கேட்பதற்கு இது நியாயம் தருகிறது.

மோதிக்கொண்ட இருவரையும் உட்காரவைத்துப் பேசிச் சீர்செய்யும் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் 40 பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் மூன்றாண்டு முடிவில் கொடுமைப்படுத்தல் சிறிதளவு குறைந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 44 பள்ளிகளில் நடந்ததில் சஸ்பென்ஷன் நாட்கள் குறைந்தன, ஆனால் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் மதிப்பெண் சரிந்தது. பள்ளி முழுவதும் பழகிய முறையாக இருந்தால் ஏற்கலாம். உங்கள் பிள்ளைக்காக மட்டும் ஒரு தடவை நடத்தும் கூட்டம் மன்னிப்புக் கடிதம் வாங்கும் சடங்காகவே முடியும்.

சஸ்பென்ஷன்

ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்கள் உச்சவரம்பு. நீக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு மட்டுமே. காரணம், எத்தனை நாள், உங்கள் உரிமை எல்லாம் தாமதமின்றி எழுத்தில் வர வேண்டும். ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத பெற்றோருக்கு முடிந்தவரை மொழிபெயர்ப்பு தருவதைப் பள்ளி பரிசீலிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். முதல் ஐந்து நாள் பள்ளி பாடவேலை கொடுத்துத் திருத்த வேண்டும்; அந்நாட்களில் பள்ளி நேரத்தில் பிள்ளை தக்க காரணமின்றிப் பொது இடத்தில் இருந்தால் பெற்றோருக்கு அபராதம். ஆறாவது நாளிலிருந்து முழுநேரக் கல்விக்கு ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை.

மற்றப் பிள்ளைகளோ ஆசிரியரோ அடிபட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் இடைவெளி தேவைப்படும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடத்தையைத் திருத்தும் கருவியாக இதைப் பார்த்தால் ஏமாற்றம்தான். மேலே சொன்ன வாசிப்புக்குப் பயந்த பையனுக்கு இது மூன்று நாள் விடுமுறை. பயன் ஏதும் உண்டென்றால் அது திரும்பி வரும் நாளின் கூட்டத்தில் இருக்கிறது: என்ன மாறும், யார் பார்ப்பார், எப்போது மறுபடி பேசுவோம். அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோர் வர முடியவில்லை என்பதைக் காட்டிப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே வைக்கக் கூடாது.

"இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆறட்டும்" என்று தொலைபேசியில் சொல்லிக் கடிதம் தராமல் அனுப்புவது சட்டவிரோதம். அரை நாள் என்றாலும் அது சஸ்பென்ஷனாகப் பதிவாக வேண்டும். நடத்தைக்காகப் பாதி நாள் கால அட்டவணை போடுவதும் அனுமதிக்கப்பட்டதல்ல. பதிவு வேண்டாம் என்று பெற்றோரே நினைப்பதுண்டு. பதிவில்லாவிட்டால் எத்தனை நாள் போனது என்ற கணக்கும் இல்லை, உதவி கேட்க ஆதாரமும் இல்லை.

வெளியே அனுப்பித் திரும்ப அழைப்பது

ஆஃப்-சைட் டைரக்ஷன் என்பது இதன் பெயர். பிள்ளையின் பெயர் சொந்தப் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்க, குறித்த காலத்துக்கு வேறு பள்ளியிலோ மாற்றுக் கல்வி நிலையத்திலோ படிப்பது. நம் மூன்று கேள்விகளுக்கும் பதில் உள்ள வழி இது. கவுன்சில் பள்ளிகளில் கவர்னர்கள், அதாவது பள்ளி நிர்வாகக் குழுவினர், இதற்குப் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டியதில்லை, ஆனால் குறைந்தது இரண்டு பள்ளி நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும்: எங்கே, எதற்காக, எவ்வளவு காலம். மறு ஆய்வுக் கூட்டத்தைப் பெற்றோர் எழுதிக் கேட்டால், கடந்த பத்து வாரத்தில் ஒன்று நடந்திருந்தால் தவிர, நடத்தியாக வேண்டும். அகாடமிகள் வேறு சட்ட அதிகாரத்தின் கீழ் இதைச் செய்கின்றன.

கெடும் இடம் ஒன்றுதான், ஆனால் அடிக்கடி கெடுகிறது. ஆறு வாரம் என்று போன பிள்ளை இரண்டு தவணை அங்கேயே இருந்துவிடும். சொந்தப் பள்ளியின் பாடம் எங்கோ போய்விடும், திரும்பும் நாள் யாருக்கும் நினைவில் இருக்காது. வாரத்தில் ஒரு நாளாவது சொந்தப் பள்ளிக்கு வருவது, அல்லது பள்ளியின் பணியாளர் வாரமொருமுறை அங்கே போய்ப் பார்ப்பது என்று முதல் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

மேனேஜ்டு மூவ்

இது வேறொரு பொதுப்பள்ளிக்கு நிரந்தரமாக மாறுவது. பெற்றோர், இரண்டு பள்ளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். "சம்மதிக்காவிட்டால் நிரந்தர நீக்கம்" என்று மிரட்டி வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. "பன்னிரண்டு வாரம் சோதனையாகப் போய்ப் பார்க்கட்டும்" என்று யாராவது சொன்னால் அது மேனேஜ்டு மூவ் அல்ல, ஆஃப்-சைட் டைரக்ஷன். 2022-க்குப் பிந்தைய வழிகாட்டுதல் இரண்டையும் பிரித்துவிட்டது. பெயரைச் சரியாகக் கேட்டு வாங்குவதில்தான் திரும்பிவரும் உரிமை இருக்கிறது.

நண்பர் கூட்டத்தால் வந்த வினை, ஒரே ஆசிரியரோடு முறிந்த உறவு, பிள்ளையே புது இடம் கேட்பது: இவற்றுக்கு இது நல்ல வழி, 8ஆம் ஆண்டிலும் 9ஆம் ஆண்டிலும் குறிப்பாக. வாசிப்புச் சிக்கலோ கவனக் குறைபாடோ ஆட்டிசமோ கண்டறியப்படாமல் இருந்தால் சிக்கல் புதுப் பள்ளிக்கும் கூடவே போகும், அங்கே பொறுமை இன்னும் குறைவு. 10ஆம் ஆண்டுக்குப் பின் இன்னொரு சங்கடம்: 11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வின் பாடத் தெரிவும் தேர்வு வாரியமும் பள்ளிக்குப் பள்ளி வேறு. இங்கே ஏ.க்யூ.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ஒரு நாடகத்தைப் பாதி படித்தவன் அங்கே எடெக்ஸெலின் வேறொரு நாடகத்தில் உட்காருவான். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரியத்தின் பெயரைப் பக்கத்தில் எழுதி இரண்டு பள்ளிகளையும் ஒப்பிட்டுவிட்டுச் சம்மதியுங்கள். 11ஆம் ஆண்டில் ஜனவரி கணக்கெடுப்புக்குச் சற்று முன் இந்தப் பேச்சு வந்தால் கவனம் தேவை. அந்தக் கணக்கெடுப்பில் பெயர் இருக்கும் பிள்ளைகளின் முடிவுதான் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் சேரும்.

வீட்டுக் கல்வி

நடத்தைப் பிரச்சினைக்கு விடையாகப் பள்ளி இதைச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்ததும் பெயர் நீங்கும், கவுன்சில் இடம் தேடித் தரும் கடமை அந்தக் கடிதத்தால் வராது, தேர்வுக் கட்டணம் வரை உங்கள் தலையில். மேல்முறையீடும் கிடையாது, ஏனென்றால் காகிதத்தில் யாரும் யாரையும் நீக்கவில்லை.

நிரந்தர நீக்கமும் அதன்பின்னும்

அரசின் சட்டப்பூர்வ வழிகாட்டுதல் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே கேட்கிறது: நடத்தை விதிகளைக் கடுமையாகவோ தொடர்ந்தோ மீறியிருக்க வேண்டும், பிள்ளை பள்ளியில் நீடித்தால் அதன் அல்லது மற்றவர்களின் கல்விக்கோ நலனுக்கோ கடும் தீங்கு வர வேண்டும். முதலாவதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதி, இரண்டாவதை ஒரே வரியில் முடிக்கும் கடிதங்கள் உண்டு. வாதாட வேண்டிய இடம் அந்த ஒரு வரி.

15 பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். நண்பரையோ வழக்கறிஞரையோ கூட்டிச் செல்லலாம். அந்தக் கூட்டத்துக்கு முன்பு வரை தலைமையாசிரியர் நீக்கத்தைத் தாமே ரத்து செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஆஃப்-சைட் டைரக்ஷனோ மேனேஜ்டு மூவோ பேசி முடிக்க இந்த இடைவெளியே ஏற்றது. அந்த ஆண்டில் நீக்க நாட்கள் 45-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் இது நடக்காது. கவர்னர்கள் உறுதி செய்தால் 15 பள்ளி நாட்களுக்குள் சுயாதீன மறு ஆய்வுக் குழுவைக் கேட்கலாம், சிறப்புத் தேவை நிபுணரையும் சேர்த்து. அந்தக் குழு கவர்னர்களின் முடிவை ரத்து செய்து மறுபடி யோசிக்கச் சொல்லும், ஆனால் பிள்ளையைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட முடியாது. அவ்வாறு சொல்லியும் பள்ளி சேர்க்காவிட்டால் 4,000 பவுண்டு கட்ட நேரலாம். குறைபாடு உள்ள பிள்ளையானால் பாகுபாடு என்று ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம் போகலாம். அங்கே சேர்க்க உத்தரவிடும் அதிகாரம் உண்டு. ஆட்டிசத்தால் அடிக்கும் பழக்கம் வந்த பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று மேல் தீர்ப்பாயம் 2018-இல் தீர்த்தது.

ஆறாவது நாளிலிருந்து கல்வி தர வேண்டியது கவுன்சில், பெரும்பாலும் பி.ஆர்.யு. எனப்படும் மாற்றுக் கல்வி நிலையத்தில். பள்ளி நீக்கம் பற்றி 2019-இல் வந்த டிம்ப்சன் அறிக்கை சொன்ன எண் இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது: நிரந்தரமாக நீக்கப்பட்டவர்களில் 7 சதவீதம்தான் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நல்ல தேர்ச்சி. இதைப் பி.ஆர்.யு.வின் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. அதே அறிக்கைப்படி நீக்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் சிறப்புக் கல்வித் தேவை, வறுமை, சமூகப் பணித்துறையின் கவனிப்பு ஆகியவற்றில் ஒன்றாவது உள்ளவர்கள்; அங்கே போகுமுன்பே பின்தங்கியவர்கள். சிறிய வகுப்பும் பழகிய ஆட்களும் இருக்கும் நல்ல பி.ஆர்.யு., வெறுத்துப்போன பொதுப்பள்ளியைவிட மேல். என்னென்ன ஜி.சி.எஸ்.இ. பாடம், வாரம் எத்தனை மணி, திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர், பதிவு பெற்ற பள்ளியா என்று நான்கைக் கேளுங்கள். கார் பழுதுபார்ப்பும் குத்துச்சண்டையும் மட்டும் நடக்கும் பதிவில்லாத இடத்துக்கு வாரம் முழுவதும் அனுப்புவதை ஏற்க வேண்டாம்.

நீக்காமலே நடத்த முடியாதா என்று கேட்பவர்கள் ஸ்காட்லாந்தைக் காட்டுவார்கள். அங்கே மொத்த நீக்கம் 2006-07-இல் சுமார் 45 ஆயிரத்திலிருந்து 2022-23-இல் சுமார் 12 ஆயிரமாக இறங்கியது. பதிவேட்டிலிருந்தே பெயர் அகற்றப்படுவது சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கம். ஆனால் 2023-இல் அங்கு நடந்த ஆய்வில் ஆசிரியர்கள் நடத்தை மோசமாகி வருவதாகவே சொன்னார்கள். நீக்கத்தைக் குறைத்தால் அந்த ஆட்களையும் நேரத்தையும் பள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் ஒரு மாற்றுக் கல்வி இடத்துக்கு அடிப்படை நிதியே ஆண்டுக்கு 10,000 பவுண்டு. அதில் ஒரு பங்கை முன்கூட்டியே பள்ளிக்குள் செலவழித்தால் என்ன என்று கவர்னர் கூட்டத்தில் கேட்கலாம். பதில் சொல்ல அவர்களுக்கு அத்தனை எளிதாக இருக்காது.

கடைசியாக ஒரு விதி. இரண்டு பள்ளிகளிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளைக்கு, இரண்டாவது நீக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, "இந்தப் பள்ளிதான் வேண்டும்" என்ற பெற்றோரின் விருப்பத்தை ஏற்கும் கடமை யாருக்கும் இல்லை. ஏற்கனவே ஒரு நீக்கம் இருந்தால் மேலே சொன்ன வரிசை மாறும்: இரண்டாவது கடிதம் வரும்வரை காத்திருக்காமல், முதல் சஸ்பென்ஷனிலேயே ஆஃப்-சைட் டைரக்ஷனை நீங்களே எழுதிக் கேளுங்கள்.